அறிக்கையில் ‘ஹிஸ்டெரோடமி’ என்று எழுதியிருக்கிறது. என் கருப்பை இருக்கிறதா, இல்லையா?

நெய்தல்:
அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 27ஆவது வாரத்தில், எனக்கு அவசரமாக சிசேரியன் செய்தார்கள். இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறிவிட்டது, வேறு வழியில்லை என்றார்கள். மகள் பல வாரங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். இப்போது ஓடி விளையாடுகிறாள். அந்த நாட்களில் என் உடம்பைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

இப்போது இரண்டாவது குழந்தைக்கு ஆசைப்படுகிறோம். பழைய கோப்பை எடுத்து டிஸ்சார்ஜ் அறிக்கையை முதன்முறையாக முழுவதும் வாசித்தேன். அதில் ‘ஹிஸ்டெரோடமி’ என்று ஒரு சொல். தேடிப் பார்த்தால் ‘கருப்பையை அகற்றுதல்’ என்று வருகிறது. நேற்று இரவு முழுவதும் தூக்கமில்லை. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது. அப்படியானால் எதை எடுத்தார்கள்? கணவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

பழைய செவிலி:
மகளே, உன் கருப்பை உன்னிடம்தான் இருக்கிறது. மாதவிலக்கு வருவதே அதற்குச் சாட்சி. நீ தேடிப் பார்த்த இடத்தில் இரண்டு சொற்களைக் குழப்பிவிட்டார்கள். ‘டமி’ என்று முடிந்தால் வெட்டித் திறப்பது. ‘எக்டமி’ என்று முடிந்தால் வெட்டி எடுப்பது. ஹிஸ்டெரெக்டமி என்றால் கருப்பையை எடுத்துவிடுவது. ஹிஸ்டெரோடமி என்றால் கருப்பையைத் திறந்து, வேலை முடிந்ததும் தைத்து மூடுவது. சிசேரியன் செய்துகொண்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் நடந்தது இதுதான். வயிற்றைத் திறந்தால் மட்டும் குழந்தை கைக்கு வந்துவிடாது. கருப்பையையும் திறக்க வேண்டும் அல்லவா?

முப்பது ஆண்டுகள் பிரசவ அறையில் வேலை பார்த்தவள் நான். இந்த ஒரு எழுத்து வேறுபாட்டால் அழுதுகொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் நாம் ‘கருப்பை அறுவை’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஒன்றைக் ‘கருப்பைத் திறப்பு’ என்றும் மற்றதைக் ‘கருப்பை அகற்றம்’ என்றும் தனித்தனியாக எழுதினால் பாதிப் பயம் குறையும்.

இப்போது ஒரு வேலை செய். அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல். அதுதான் முக்கியம்.

நெய்தல்:
அம்மா, உங்கள் பதிலைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். மிக்க நன்றி. அந்தச் சொல்லுக்கு முன்னால் ‘கிளாசிகல்’ என்று இருக்கிறது. வேறொரு வரியில் ‘கீழ்ப்பகுதி உருவாகவில்லை’ என்ற பொருளில் ஏதோ எழுதியிருக்கிறார்கள். ஆனால் என் வயிற்றில் தழும்பு குறுக்காகத்தான் இருக்கிறது, அடிவயிற்று மடிப்புக்குள். எல்லாருக்கும் போடுவது போலத்தான்.

பழைய செவிலி:
கேட்டது நல்லதாயிற்று. இதற்கு மேல் மருத்துவர் சொல்வதுதான் முறை. டாக்டர் ஐயா இந்தப் பக்கம் வருவார், பொறு.

ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவர்:
வந்துவிட்டேன். சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

சிசேரியனில் இரண்டு வெட்டுகள் உண்டு. ஒன்று தோலில், மற்றொன்று கருப்பையில். இரண்டும் ஒரே திசையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. தோலில் குறுக்குத் தழும்பு, உள்ளே நெடுக்கு வெட்டு என்பது நடக்கக்கூடியதுதான். தோலில் நெடுக்காகக் கிழித்திருந்தும் கருப்பையில் குறுக்காக வெட்டியிருக்கலாம். கண்ணாடியில் தெரியும் தழும்பைப் பார்த்துக் கருப்பைத் தழும்பைச் சொல்ல யாராலும் முடியாது. நானும் தோலைப் பார்த்து முடிவு சொன்னதில்லை.

உள்ளே இருக்கும் தழும்பின் இடம் ஏன் இவ்வளவு முக்கியம்? கருப்பையின் மேல்பகுதி தடித்த தசை. பிரசவ வலியின்போது சுருங்கிச் சுருங்கிக் குழந்தையைக் கீழே தள்ளுவது அதுதான். கீழ்ப்பகுதி அப்படியல்ல. கர்ப்பத்தின் பிற்பாதியில், குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், கருப்பை வாய்க்கு மேலே உள்ள குறுகிய பகுதி மெல்ல விரிந்து மெல்லிய சுவராகிறது. வலியின்போது அது சுருங்காமல் விரிந்து கொடுக்கும். அந்த மெல்லிய சுவரில் குறுக்காக வெட்டினால் இரத்தப்போக்கு குறைவு, தைப்பது எளிது, அடுத்த பிரசவத்தில் தையலின் மேல் விழும் இழுவிசையும் குறைவு. இன்று பெரும்பாலான சிசேரியன்கள் இப்படித்தான் நடக்கின்றன. ஸ்காட்லாந்து மருத்துவர் மன்றோ கெர் 1920களில் இதற்காக வாதாடிப் பரவலாக்கினார்.

27ஆவது வாரத்தில் பல பெண்களுக்கு அந்தக் கீழ்ப்பகுதி இன்னும் சரியாக உருவாகியிருக்காது. அங்கே குறுக்காக வெட்டினால் கிடைக்கும் வாசல் மிகச் சிறியது. பிஞ்சுக் குழந்தையின் தலை அதில் சிக்கும். வெட்டு பக்கவாட்டில் கிழிந்து பெரிய இரத்தக்குழாய்கள் வரை போகலாம். அதனால் உங்கள் மருத்துவர் மேல்பகுதியில் நெடுக்காகத் திறந்திருக்கிறார். அதற்குத்தான் ‘கிளாசிகல்’ என்று பெயர். ‘உயர்ந்தது’ என்ற பொருளில் அல்ல, ‘பழைய முறை’ என்ற பொருளில். குழந்தை குறுக்கே கிடந்து முதுகு கீழே இருந்தாலோ, வாசலை அடைத்துக்கொண்டு பெரிய நார்த்திசுக் கட்டி இருந்தாலோ, நஞ்சு (நஞ்சுக்கொடி) கீழ்ப்பகுதியில் ஆழப் பதிந்திருந்தாலோ இதே முடிவை எடுக்க நேரும். உங்கள் மகள் இன்று ஓடி விளையாடுகிறாள் என்றால், அன்று அந்த மருத்துவர் தயங்காமல் எடுத்த முடிவுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. கீழ்ப்பகுதிக் குறுக்குத் தழும்பு ஒன்று மட்டும் உள்ளவர் சுகப்பிரசவத்துக்கு முயன்றால், தழும்பு பிளக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 200இல் 1. மேல்பகுதி நெடுக்குத் தழும்புக்கு 100இல் 4 முதல் 9 வரை என்று நூல்கள் சொல்கின்றன. வலி தொடங்கும் முன்பே பிளந்த நிகழ்வுகளும் உண்டு. எனவே அடுத்த முறை நீங்கள் வலி வரும் வரை காத்திருக்கக் கூடாது. பொதுவாக 36 முதல் 37 வாரங்களுக்குள் திட்டமிட்ட சிசேரியனே செய்வார்கள்.

இரண்டாவது குழந்தை பெற்றுக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் பெறலாம். உங்களைப் பார்க்கப்போகும் மருத்துவரிடம் முதல் நாளே ‘எனக்குக் கிளாசிகல் தழும்பு’ என்று சொல்லிவிடுங்கள்.

நெய்தல்:
டாக்டர், இதை டிஸ்சார்ஜ் செய்யும்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒருவேளை சொல்லியிருக்கலாம், மகளைத் தவிர வேறு எதுவும் அன்று என் காதில் விழவில்லை. இந்த அறிக்கையைத் திறந்து பார்க்காமல், வலி வரட்டும் என்று வீட்டில் காத்திருந்திருந்தால்? நினைக்கவே நடுங்குகிறது.

இரண்டு பிள்ளைகளின் தாய்:
தவறாக நினைக்க வேண்டாம், எனக்கு இந்த இழையின் போக்கு கவலையளிக்கிறது. எனக்கும் முதல் குழந்தை சிசேரியன். அடுத்ததும் சிசேரியன்தான் என்று மூன்று மருத்துவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்கள். நான்காவது மருத்துவர் குறிப்புகளை வாங்கிப் பார்த்துவிட்டு ‘முயன்று பார்க்கலாம்’ என்றார். சுகப்பிரசவம் ஆயிற்று. கருப்பை கிழிந்துவிடும் என்று பயமுறுத்தியே எத்தனை பெண்களை மேசையில் படுக்க வைக்கிறார்கள்! இந்தப் பதிவைப் படிக்கும் பெண் ஒருத்தி, தனக்குச் சாதாரணத் தழும்பு இருந்தும், பயந்துபோய் அறுவைக்கு ஒப்புக்கொண்டால் அதற்கு யார் பொறுப்பு?

ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவர்:
அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. உங்கள் நான்காவது மருத்துவர் என்ன செய்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: குறிப்புகளை வாங்கிப் பார்த்தார். மற்ற மூவரும் பார்க்கவில்லை. உங்களுக்கும் நெய்தலுக்கும் நான் சொல்வது ஒன்றுதான். கருப்பையில் எந்த இடத்தில், எந்தத் திசையில் வெட்டினார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எந்த முடிவும்.

‘ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்’ என்ற சொல்லை எழுதியவர் நியூயார்க்கின் எட்வின் கிரேகின், ஆண்டு 1916. அன்று கிட்டத்தட்ட எல்லா சிசேரியனும் கிளாசிகல்தான். அந்தக் காலத் தழும்புக்குச் சொன்னதை இந்தக் காலத் தழும்புக்கும் பொருத்திப் பல தலைமுறைப் பெண்களை அறுத்திருக்கிறோம். ஒரு குறுக்குத் தழும்பு உள்ளவர்கள் முயன்றால் நால்வரில் மூவருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. அதற்கு முன் ஒருமுறையாவது சுகப்பிரசவம் கண்டவராக இருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம்.

அதேநேரம், அந்த முயற்சி வீட்டில் நடக்கக் கூடாது. உடனே அறுவை செய்ய வசதியுள்ள இடத்தில், குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து கவனித்தபடி நடக்க வேண்டும். தழும்பு பிளப்பதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் குழந்தையின் இதயத்துடிப்புதான். வலிக்கும் வலிக்கும் இடையே விடாத வலி, இரத்தப்போக்கு, வந்துகொண்டிருந்த வலி திடீரென நின்றுபோவது, கீழே இறங்கிய தலை மேலே ஏறிவிடுவது ஆகியவை மற்ற அடையாளங்கள். வலியை வரவழைக்க மருந்து கொடுத்தால் ஆபத்து இரண்டு மூன்று மடங்காகும். இரு கர்ப்பங்களுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவாக இருந்தாலும் ஆபத்து கூடும்.

இரண்டு பிள்ளைகளின் தாய்:
ஒப்புக்கொள்கிறேன் டாக்டர். நெய்தல், பயமுறுத்துவதைப் பற்றி நான் சொன்னது உங்களை நோக்கி அல்ல. உங்கள் நிலை வேறு என்று இப்போது புரிகிறது.

ஏட்டுப்பூச்சி:
நான் மருத்துவத் துறை அல்ல, மருத்துவ வரலாறு படிப்பவன். ‘தைத்து மூடுவது’ என்று செவிலி அம்மா எழுதினார்கள். அந்தத் தையலுக்கு இருக்கும் வயது மிகக் குறைவு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை கருப்பையைத் திறந்து குழந்தையை எடுத்தவர்கள் கருப்பையைத் தைக்காமலேயே வயிற்றை மூடினார்கள். கருப்பை தானே சுருங்கி வெட்டை மூடிக்கொள்ளும் என்று நம்பினார்கள். உள்ளே தையல் போட்டால் அதை வெளியே எடுக்க வழியில்லை, அழுகிவிடும் என்ற அச்சமும் இருந்தது. விளைவு, தாய் இரத்தம் போயோ கிருமி ஏறியோ இறந்தாள். பிழைத்தவர்கள் மிகச் சிலர். 1876இல் இத்தாலியின் பாவியா நகரில் எதுவார்தோ போரோ என்ற மருத்துவர் இதற்கு ஒரு வழி கண்டார்: குழந்தையை எடுத்த கையோடு கருப்பையையும் வெட்டி எடுத்துவிடுவது. தாய் பிழைத்தாள். அதாவது, நெய்தல் பயந்த அந்த இரண்டு சொற்களும் ஒரே மேசையில், ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. தாயைக் காப்பாற்ற அவள் கருப்பையைக் கொடுக்க வேண்டியிருந்தது.

1882இல் லைப்சிக் நகரின் மாக்ஸ் சேங்கர், கருப்பை வெட்டை வெள்ளிக் கம்பியாலும் பட்டு நூலாலும் கவனமாக அடுக்கடுக்காகத் தைத்தே ஆக வேண்டும் என்று எழுதினார். அதன் பிறகுதான் பெண்கள் அறுவைக்குப் பின்னும் கருப்பையோடு வீடு திரும்பி மீண்டும் கருவுறுவது பரவலாகச் சாத்தியமாயிற்று. நெய்தல் இன்று கேட்கும் ‘அடுத்த குழந்தை’ என்ற கேள்வியே அந்தத் தையலுக்குப் பிறகு பிறந்ததுதான்.

ஒரு சிறு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். ஜூலியஸ் சீசர் இப்படிப் பிறந்ததால் சிசேரியன் என்ற பெயர் வந்தது என்பார்கள். அக்காலத்தில் இது இறந்த தாயின் வயிற்றிலிருந்து குழந்தையை எடுக்கச் செய்தது. சீசரின் தாய் ஆரேலியாவோ மகன் வளர்ந்து படை நடத்திய காலத்திலும் உயிரோடு இருந்தார்.

இரவுப் பணி:
அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். ‘இறந்த தாயின் வயிற்றிலிருந்து’ என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பழைய அறுவை இன்றும் எங்களிடம் இருக்கிறது; அதன் நோக்கம்தான் மாறிவிட்டது.

கர்ப்பிணியின் இதயம் நின்றுபோனால் மார்பை அழுத்துகிறோம். ஆனால் 20 வாரத்துக்கு மேல், கருப்பை தொப்புள் உயரத்துக்கு வந்துவிட்டால், மல்லாந்து படுத்திருக்கும்போது அது உடலின் கீழ்ப்பாதியிலிருந்து இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெருஞ்சிரையை நசுக்குகிறது. இதயத்துக்கு இரத்தமே வராதபோது எவ்வளவு அழுத்தி என்ன பயன்? ஒருவர் கருப்பையைக் கையால் இடப்பக்கம் தள்ளிப் பிடிப்பார். அப்போதும் துடிப்பு வராவிட்டால் கருப்பையைத் திறந்து குழந்தையை வெளியே எடுக்க வேண்டும். நான்காவது நிமிடத்தில் கத்தி வைத்து ஐந்தாவது நிமிடத்தில் குழந்தை வெளியே வர வேண்டும் என்பது 1986இல் கேட்ஸ் என்பவரும் அவருடன் எழுதியவர்களும் முன்வைத்த அளவு. அறுவை அரங்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. தாய் எங்கே கிடக்கிறாளோ அங்கேயே செய்ய வேண்டும். ஒரு கத்தி போதும்.

குழந்தை வெளியே வந்ததும் கருப்பை சுருங்கும், சிரை விடுபடும், இரத்தம் இதயத்துக்குத் திரும்பும். இது முதலில் தாய்க்கான சிகிச்சை. அதனால்தான் இன்று இதை ‘உயிர்மீட்புக் கருப்பைத் திறப்பு’ என்ற பொருளில் பெயர் மாற்றியிருக்கிறார்கள். முன்பு இருந்த பெயரில் மரணம் என்ற சொல் இருந்தது. அந்தப் பெயரே கையைத் தயங்க வைக்கும்.

நான் ஒரே ஒருமுறை செய்திருக்கிறேன். கை நடுங்கியது என்று சொல்ல மாட்டேன், நடுங்க நேரமே இல்லை. குழந்தையைப் பக்கத்தில் நின்ற செவிலியிடம் கொடுத்துத் திரும்பியபோது திரையில் தாயின் துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அன்று காலை வீட்டுக்குப் போய் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பழைய செவிலி:
குழந்தையைக் கையில் வாங்கிய அந்தச் செவிலியின் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். நல்லா இருங்கள் தம்பி.

தும்பை:
நான் எழுதலாமா என்று இரண்டு நாட்களாக யோசித்தேன். நெய்தல், உங்களைப் போலவே எனக்கும் மேல்பகுதித் தழும்பு. ஆனால் என் கருப்பையைத் திறந்தது குழந்தையை எடுக்க அல்ல. திறந்து, குழந்தைக்கு அறுவை செய்து, மீண்டும் உள்ளேயே வைத்து மூடினார்கள்.

என் மகனுக்கு முதுகெலும்பு மூடாமல் தண்டுவடம் வெளியே தெரிந்தது. 20ஆவது வார ஸ்கேனில் கண்டுபிடித்தார்கள். திறந்த தண்டுவடத்தைப் பனிக்குட நீர் அரித்துக்கொண்டே இருக்கும், பிறக்கும் வரை காத்திருந்தால் சேதம் கூடும் என்று விளக்கினார்கள். 24ஆவது வாரத்தில் அறுவை. எனக்குக் கொடுத்த மயக்க மருந்து என்னைத் தூங்க வைக்க மட்டுமல்ல, கருப்பை சுருங்காமல் தளர்ந்து கிடக்கவும். சிசேரியனில் குழந்தை வந்ததும் கருப்பை இறுகச் சுருங்க வேண்டும், இல்லையென்றால் இரத்தம் நிற்காது. இங்கே அதற்கு நேர்மாறு. சுருங்கினால் நஞ்சு பிரிந்துவிடும், குழந்தை போய்விடும். அப்படியானால் வெட்டின் ஓரங்களில் இரத்தம் எப்படி நிற்கும் என்று கேட்டேன். வெட்டிக்கொண்டே ஓரத்தை நெருக்கிப் பிடிக்கும், பின்பு உடலே கரைத்துக்கொள்ளும் ஊக்குகள் உள்ள கருவி ஒன்று இருக்கிறது என்றார்கள். அது பனிக்குடச் சவ்வையும் கருப்பைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளுமாம். வெட்டும் இடத்தை ஸ்கேன் பார்த்து, நஞ்சு இருக்கும் பக்கத்தைத் தவிர்த்துத்தான் முடிவு செய்தார்கள்.

ஒப்புக்கொள்வதற்கு முன் எல்லா எண்களையும் கேட்டேன். 2011இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 183 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். கருவிலேயே அறுவை செய்த பிரிவில் ஒரு வயதுக்குள் மூளைநீரை வடிக்கும் குழாய் தேவைப்பட்டவர்கள் அல்லது இறந்தவர்கள் குறைந்தார்கள்; குழாய் வைத்தவர்கள் மட்டும் என்று பார்த்தால் 100க்கு 40 பேர், பிறந்த பிறகு அறுவை செய்த பிரிவில் 82 பேர். துணையின்றி நடந்த குழந்தைகளும் முதல் பிரிவில் ஏறக்குறைய இருமடங்கு. பலன் தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். ஆனால் குறைப்பிரசவம் கூடியது. தாய்மார்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குப் பிரசவ நேரத்தில் அந்தத் தழும்பு மெலிந்தோ பிரிந்தோ இருந்தது. இந்தப் பிரசவமும் இனி வரும் எல்லாப் பிரசவங்களும் சிசேரியன்தான், வலி வரவே விடக் கூடாது என்று என்னிடம் கையெழுத்து வாங்கும் முன் மூன்று முறை சொன்னார்கள்.

என் மகன் 34ஆவது வாரத்தில் பிறந்தான். கால் தாங்கிகளோடு நடக்கிறான். தலையில் குழாய் இல்லை. என் கருப்பையில் ஒரே கர்ப்பத்தில் இரண்டு திறப்புகள். எனக்கு வருத்தமில்லை. ஆனால் வேறொரு குழந்தைக்கு ஆசைப்படும்போது இரவில் வயிற்றின் மேல் கை வைத்துப் பார்க்கிறேன். நெய்தல், அந்தக் கை வைக்கும் பயம் எனக்குத் தெரியும்.

நெய்தல்:
தும்பை அக்கா... என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று முறை படித்துவிட்டேன்.

ஏட்டுப்பூச்சி:
இவ்வகைத் திறந்த அறுவையை முதலில் செய்தது 1981இல், சான் பிரான்சிஸ்கோவில் மைக்கேல் ஹாரிசனின் குழு. அது சிறுநீர்ப்பாதை அடைபட்ட கருவுக்காக. தும்பை அம்மா எழுதியது போல் ஒரு தாயின் வாயால் கேட்பது எனக்கு இதுவே முதல்முறை. நன்றி.

ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவர்:
தும்பை எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கருப்பையைத் தளர்வாக வைத்துத் திறக்கும் இன்னொரு சந்தர்ப்பம் உண்டு. கழுத்தில் பெரிய கட்டியோடு, மூச்சுவழி அடைபட்ட நிலையில் குழந்தை இருப்பது முன்பே தெரிந்தால், கருப்பையைத் திறந்து தலையையும் தோளையும் மட்டும் வெளியே கொண்டுவருவார்கள். தொப்புள்கொடி வழியே தாயிடமிருந்து ஆக்சிஜன் இன்னும் வந்துகொண்டிருக்கும். அந்த அவகாசத்தில் குழந்தையின் தொண்டைக்குள் குழாய் பொருத்திவிட்டுப் பிறகே கொடியை வெட்டுவார்கள். குழந்தை பாதி பிறந்தும் பிறக்காமலும் இருக்கும் அந்த நிமிடங்களை ஒருமுறை நேரில் பார்த்தேன். அரங்கில் யாரும் பேசவில்லை.

கர்ப்பத்தைக் கலைக்கவும் முன்பு கருப்பையைத் திறந்தார்கள். மாத்திரைகளும் கருப்பை வாய் வழியாகச் செய்யும் முறைகளும் வந்த பிறகு அதற்குத் தேவை மிக அரிதாகிவிட்டது. மற்ற எல்லா வழியும் அடைபட்டால் மட்டும்தான்.

வாசகி:
ஒரு சிறு கேள்வி. எனக்குக் குழந்தை இல்லை, நார்த்திசுக் கட்டிகளை அகற்றினார்கள். அதுவும் இந்தக் கணக்கில் சேருமா?

ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவர்:
சேரும். கட்டி சுவரின் வெளிப்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தால் பெரிய கவலையில்லை. சுவரின் முழுத் தடிப்பையும் வெட்டிக் கருப்பையின் உள்ளறை வரை போயிருந்தால், பெரும்பாலான மருத்துவர்கள் அதைக் கிளாசிகல் தழும்பைப் போலவே நடத்துவார்கள். உள்ளறை திறந்ததா என்று அறுவைக் குறிப்பில் இருக்கும். கேட்டு வாங்குங்கள்.

அறுவை மேசை:
இளம் மருத்துவன். ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். கருப்பையை ஒரே அடுக்காகத் தைப்பதா, இரண்டு அடுக்கா? பயிற்சியில் ஒரு பேராசிரியர் ஒற்றை என்கிறார், மற்றவர் இரட்டை என்கிறார். நாங்கள் நடுவில் நிற்கிறோம்.

ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவர்:
நான் கடைசி வரை இரண்டு அடுக்குதான் போட்டேன். இரண்டாவது அடுக்கு போடும்போது மனதுக்கு ஒரு நிம்மதி.

அறுவை மேசை:
ஆனால் ஐயா, சிசேரியன் முறைகளை ஒப்பிட்ட கொரோனிஸ் ஆய்வில் ஏழு நாடுகளில் ஏறத்தாழ 16,000 பெண்கள். மூன்று ஆண்டுகள் கழித்து 2016இல் வெளியிட்ட முடிவில் ஒற்றைக்கும் இரட்டைக்கும் வேறுபாடு தெரியவில்லையே. நிம்மதி தாய்க்கா, நமக்கா?

ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவர்:
நல்ல கேள்வி. நமக்குத்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். தழும்பு பிளப்பது அரிது என்பதால், அதில் உள்ள சிறு வேறுபாட்டை அந்த அளவு ஆய்வாலும் முழுதாகக் காட்ட முடியாது என்பது என் எண்ணம். ஒன்றில் மட்டும் நான் மாற மாட்டேன்: வெட்டின் இரு மூலைகளையும் கண்ணால் பார்த்துத் தைக்க வேண்டும். மூலையில் விட்ட இரத்தக்குழாயை எத்தனை அடுக்கும் காப்பாற்றாது. எதைச் செய்தாலும் அதைக் குறிப்பில் எழுதுங்கள். எந்த இடம், எந்தத் திசை, மேலே நீண்டதா, எத்தனை அடுக்கு. குறுக்காகத் தொடங்கி வாசல் போதாமல் மேல்நோக்கி நீட்டியிருந்தால் அதைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். அடுத்த பிரசவத்தில் நள்ளிரவில் அவளைப் பார்க்கப்போகும் மருத்துவர் உங்களுக்கு அறிமுகமே இல்லாதவராக இருப்பார்.

இரண்டு மகன்களின் தந்தை:
நஞ்சு பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன். என் மனைவிக்கு இரண்டு சிசேரியன். மூன்றாவது கர்ப்பத்தில் நஞ்சு கீழே இறங்கி, பழைய தழும்பின் மேலேயே உட்கார்ந்து, சுவருக்குள் வேர் விட்டுவிட்டது. மருத்துவர் எங்களிடம் காட்டிய கணக்கு இன்னும் மனப்பாடம்: நஞ்சு கீழே இருக்கும் நிலையில், இது முதல் சிசேரியன் என்றால் அப்படி வேர்விடும் வாய்ப்பு 100க்கு 3, இரண்டாவது என்றால் 11, மூன்றாவது என்றால் 40. நாங்கள் அந்த 40இல் ஒருவர். ஸ்கேனில் முன்பே தெரிந்ததால் இரத்தம் தயாராக வைத்து, நஞ்சைத் தொடாமல் கருப்பையின் மேல்பகுதியில் திறந்து குழந்தையை எடுத்தார்கள். பிறகு நஞ்சோடு கருப்பையையும் எடுத்தார்கள். மனைவி நலமாக இருக்கிறாள். குழந்தை எங்களிடம் தங்கவில்லை. தழும்பு உள்ளவர்கள் அடுத்த கர்ப்பத்தில் ‘நஞ்சு எங்கே இருக்கிறது’ என்று ஸ்கேன் செய்பவரிடம் தவறாமல் கேளுங்கள்.

பழைய செவிலி:
ஐயா, உங்கள் துக்கத்தில் பங்குகொள்கிறேன். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

நெய்தல்:
பத்து நாட்கள் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். மருத்துவமனையின் ஆவணப் பிரிவுக்கு எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்து, டிஸ்சார்ஜ் அறிக்கை அல்ல, முழு அறுவைக் குறிப்பையே கேட்டேன். முதல் நாள் ‘அது எதற்கு’ என்றார்கள். கணவர் இப்போது எல்லாம் தெரிந்தவராக என்னோடு வந்து நின்றார். நேற்று நகல் கிடைத்தது. ஒரு பக்கம்தான். நீள்வெட்டு, மேல்பகுதி, குழந்தை பிட்டம் கீழாக, மூன்று அடுக்குத் தையல். கடைசி வரியில் அந்த மருத்துவர் தன் கையால் எழுதியிருக்கிறார்: ‘அடுத்த கர்ப்பத்தில் பிரசவ வலி கூடாது. நோயாளியிடம் தெரிவிக்கப்பட்டது.’

சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் நினைவில்லை.

புதிய மருத்துவரிடம் காட்டினேன். கருவுற்றதும் முதலிலேயே ஸ்கேன் செய்து கரு தழும்பில் பதியவில்லை என்று உறுதி செய்யவும், பிறகு நஞ்சு இருக்கும் இடத்தைப் பார்க்கவும், 36 வாரம் முடிந்ததும் சிசேரியனுக்குத் தேதி குறிக்கவும் எழுதிக் கொடுத்திருக்கிறார். குறிப்பின் மூன்று நகல்கள் எடுத்தோம். ஒன்று கோப்பில், ஒன்று கணவரின் பையில், ஒன்று அம்மா வீட்டில்.

தும்பை:
நானும் இன்று விண்ணப்பம் கொடுத்துவிட்டேன் நெய்தல். என்னுடையதில் இரண்டு அறுவைக் குறிப்புகள் வர வேண்டும்.